அக்கா சாக்கடலில் மிதந்த நாள்

என் அக்காவுக்கு இரண்டு வயதில் போலியோ வந்தது. நான் அப்போது பிறக்கவில்லை. எனக்கு நினைவு தெரிந்த நாள் முதல் அவளுடைய வலது கால் மெலிந்து, தொங்கிப்போய்த்தான் இருந்தது. காலையில் எழுந்ததும் தோல்வாரும் இரும்புக் கம்பியுமான கேலிப்பரைத் தொடையிலிருந்து பாதம் வரை பூட்டிக்கொள்வாள். கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டில் பொழுது விடிவது அந்தச் சத்தத்தோடுதான். அப்பா பட்டறைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார், அம்மா ரொட்டியில் மார்ஜரின் தடவிக்கொண்டிருப்பார், அக்கா ஒவ்வொரு வாராக இழுத்து மாட்டுவாள். அதற்கு மேல் நீளப் பாவாடை. வேலைக்குப் போன பிறகு மலாய்ப் பெண்கள் உடுத்தும் நீள உடையான பாஜு கூரோங். அவள் காலை வெளியாள் யாரும் பார்த்ததில்லை.

நான் மூன்று வயது இளையவள். பள்ளிக்கு இரண்டு புத்தகப் பையையும் நான்தான் தூக்குவேன். அக்கா ஒரு கையில் கட்டையை ஊன்றிக்கொண்டு வருவாள். இன்னொரு முழங்கையை நான் பிடித்துக்கொள்வேன். "அக்காவ விட்டுட்டு ஓடிராத," என்று அம்மா வாசலில் நின்று சொல்லுவார். தினமும் சொல்லுவார். நான் ஓடியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. கோவிலில் பெண்கள் என் கன்னத்தைத் தட்டி, "தங்கமான பிள்ளை," என்பார்கள். அக்காவை யாரும் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. அவளைப் பார்த்து 'ச்சு' கொட்டுவார்கள்.

வருடத்துக்கு ஒரு தடவை ஞாயிறு மறைக்கல்வி வகுப்பிலிருந்து போர்ட் டிக்சன் கடற்கரைக்குப் பேருந்து ஏற்பாடு செய்வார்கள். எல்லாரும் தண்ணீருக்கு ஓடுவார்கள். அக்கா மரத்தடியில் பாயில் உட்கார்ந்து பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல் இருப்பாள். நான் முழங்கால் அளவுத் தண்ணீர் வரை போவேன். அதற்கு மேல் போகமாட்டேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஓடிவந்து அவளைப் பார்ப்பேன்.

"என்ன, நான் ஓடியா போயிடப்போறேன்? நீ போய் விளையாடு," என்பாள்.

எனக்கு நீச்சல் தெரியாது. என் வயதுக்காரிகள் எல்லாம் அந்தக் கடற்கரையிலேயே தத்தித் தத்திக் கற்றுக்கொண்டார்கள். எனக்குக் கற்றுக்கொள்ள நேரம் இருந்ததில்லை, அக்கா காரணம் என்று வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் நினைத்தேன்.

அக்கா கோலாலம்பூரில் ஒரு பெரிய அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தாள். சுவிட்ச்போர்டில் அவளோடு இன்னொரு பெண். அந்தத் தோழிக்குப் பிறவியிலேயே கண் தெரியாது. இருபத்தாறு வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து இருவரும் ஊரையே ஒருவரோடு ஒருவர் இணைத்துவிட்டார்கள். அக்காவின் குரலுக்கு அலுவலகத்தில் நல்ல பெயர். எவ்வளவு கோபமாக ஒருவர் அழைத்தாலும் அவள் குரல் ஏறாது, இறங்காது. "ஒரு நிமிஷம் இருங்க," என்று அவள் சொன்னால் மனிதர்கள் ஒரு நிமிடம் இருந்தார்கள்.

அம்மா காலமான பிறகு அவளைக் கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தேன். மாடி வீடு. கீழே சமையலறைக்குப் பின்னால் ஒரு அறையை அவளுக்கு ஒழித்துக் கொடுத்தோம். குளியலறையில் கைப்பிடி வைத்தோம். என் பிள்ளைகள் அவளைப் பெரியம்மா பெரியம்மா என்று சுற்றினார்கள், பிறகு வளர்ந்து வேலைக்குப் போய்விட்டார்கள். அக்கா ஓய்வு பெற்றாள். நானும் துறைமுகத்துப் பக்கத்தில் ஒரு கப்பல் ஏஜென்ட் அலுவலகத்தில் பார்த்துவந்த வேலையை விட்டேன். பகல் முழுக்க அந்த வீட்டில் நாங்கள் இருவர்தான். என் வீட்டுக்காரர் மாலையில்தான் வருவார்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மேசையில் பசியாறிக்கொண்டிருந்தபோது அக்கா சொன்னாள்: "சுவிட்ச்போர்ட்ல என்கூட இருந்தாளே, பிரிக்பீல்ட்ஸ்ல அவ கூட இருந்த தங்கச்சி மகளுக்குக் கல்யாணம் ஆயிருச்சு. ஜொகூருக்குப் போயிட்டா. ரூம் காலியா இருக்கு. கீழ் வீடுதான். நான் அங்க போறேன்."

"எத்தன நாளைக்கு?"

"நாளைக்கு என்ன? இருக்கப் போறேன்."

அவளுக்கு அறுபத்து மூன்று வயது. நான் தோசையைப் பிய்த்தபடியே சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. அப்புறம்தான் எனக்குக் கோபம் வந்தது. இங்கே என்ன குறை என்று கேட்டேன். ஒரு குறையும் இல்லை என்றாள். யார் என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை என்றாள். அப்புறம் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன்.

"அவளுக்குக் கண்ணு இல்ல. உனக்குக் காலு இல்ல. ரெண்டு பேரும் சேந்து என்னா பண்ணப்போறீங்க?"

அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். "அந்தக் குருடன் நொண்டி கதையெல்லாம் எனக்குச் சொல்லாத. ஒருத்தன் தோள்மேல ஒருத்தன் ஏறிப் போனாங்களே, அது கதை. நாங்க அப்படிப் போகப்போறதில்ல. அவ மீன் பாசாருக்குத் தனியா போயிட்டு வரா. நான் சமைப்பேன். சாயங்காலம் ரேடியோ கேப்போம். அவ்வளவுதான் லா."

அதற்குப் பிறகு இரண்டு வாரம் எங்களுக்குள் பேச்சு குறைந்தது. சாப்பாடு வைத்தேன், சாப்பிட்டாள். அந்தச் சமயத்தில்தான் எங்கள் பங்கில் ஜோர்டானுக்குத் திருப்பயணம் என்று அறிவித்தார்கள். நான் அவளைக் கேட்காமலே இரண்டு பேர் பெயரையும் கொடுத்தேன். நல்ல எண்ணம்தான் என்று அன்றைக்கு என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். உண்மையில், பத்து நாள் கூடவே அழைத்துப்போய் ஒவ்வொரு படியிலும் கையைப் பிடித்து ஏற்றி இறக்கினால், நான் இல்லாமல் முடியாது என்று அவளுக்கே தெரிந்துவிடும் என்று நினைத்தேன்.

அக்கா பயணத் திட்டத் தாளை வாங்கி மேலிருந்து கீழே படித்தாள். "சாக்கடல் இருக்கா இதுல?"

"இருக்கு. கடைசிக்கு முந்தின நாள்."

"எறங்கலாமா?"

"எறங்கலாம்னுதான் போட்டிருக்கு."

"அப்ப வரேன்."

பிறகுதான் தெரிந்தது. பல வருடங்களுக்கு முன்னால் அலுவலகத்தில் யாரோ அங்கே போய் வந்து கதை சொல்லியிருக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் கல் மாதிரி விழுந்தாலும் ஆள் மூழ்கமாட்டார், நீச்சல் தெரியவேண்டாம், காலை அசைக்கவே வேண்டாம் என்று. சுவிட்ச்போர்டில் இருந்த இருவரும் அதைப் பற்றி மாதக்கணக்கில் பேசியிருக்கிறார்கள். என்னிடம் அக்கா ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கிள்ளானில் ஒரு பேரங்காடியில் அவளுக்கு நீச்சல் உடை தேடினோம். கடைசியில் முஸ்லிம் பெண்கள் போடும் மாதிரி, கழுத்திலிருந்து கணுக்கால் வரை மூடிய உடை ஒன்று கிடைத்தது. கருநீலம். மாற்றிப் பார்க்கும் அறைக்குள் நானும் நுழையப் போனேன். "நீ வெளிய நில்லு," என்றாள். கதவுக்கு வெளியே அவளுடைய பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே கேலிப்பரின் கொக்கிகள் ஒவ்வொன்றாகக் கழலும் சத்தம் கேட்டது. வெகுநேரம் சத்தமே இல்லை. பிறகு மறுபடி மாட்டும் சத்தம். வெளியே வந்தவள், "போதும், எடுத்துக்கலாம்," என்று மட்டும் சொன்னாள்.

இருபத்தெட்டுப் பேர் போனோம், பங்குச் சாமியாரோடு. விமான நிலையங்களில் அக்காவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போனார்கள். நான் கைப்பைகளோடு பின்னால் நடந்தேன். மோசே மேலே நின்று வாக்களிக்கப்பட்ட நாட்டைப் பார்த்த மலைக்குப் போனோம். வெயில் வறண்டு காய்ந்தது. நம் ஊர் மாதிரி வியர்க்கவில்லை, தோல்தான் இழுத்தது. அக்கா ஒவ்வொரு கல்லாகப் பார்த்து வைத்து ஏறினாள். நான் முழங்கையை விடவில்லை. கூட வந்த ஆன்டிகள், "இப்படி ஒரு தங்கச்சி கிடைக்கணுமே," என்றார்கள். அக்கா இரண்டு தடவை கையை மெல்ல இழுத்துப் பார்த்தாள். நான் இன்னும் இறுக்கமாகப் பிடித்தேன்.

சாக்கடலுக்குப் போய்ச் சேர்ந்தபோது காலை பத்து மணி இருக்கும். பேருந்து கீழே கீழே இறங்கிக்கொண்டே போயிற்று. காது அடைத்துத் திறந்தது. கடல் என்று பெயரே தவிர அது ஏரிதான் என்று வழிகாட்டி சொன்னார். தண்ணீர் வந்து சேருகிறது, வெளியேற வழியில்லை, வெயில் குடித்தது போக உப்பு மட்டும் தங்கிவிடுகிறது. தூரத்தில் எதிர்க்கரை மலைகள் புகை படிந்தாற்போல் தெரிந்தன. படகு இல்லை, பறவை இல்லை. அலை என்று சொல்ல ஒன்றும் இல்லை. எண்ணெய் மாதிரி ஒரு மினுமினுப்பு.

விடுதிக் கரையில் வழிகாட்டி எங்களை நிற்கவைத்து ஆங்கிலத்தில் விதிகளைச் சொன்னார். முகத்தை நனைக்கக்கூடாது. தண்ணீரைக் குடித்துவிடக்கூடாது. குப்புறப் படுக்கவே கூடாது. இடுப்பளவு வந்ததும் கரையைப் பார்த்துத் திரும்பி, நாற்காலியில் உட்காருவதுபோல் பின்பக்கமாக உட்கார வேண்டும். கால் தானாக மேலே வரும். இருபது நிமிடத்துக்கு மேல் இருக்கக்கூடாது. "இங்கே நன்றாக நீந்தத் தெரிந்தவர்கள்தான் தடுமாறுவார்கள்," என்றார். எல்லாரும் சிரித்தோம்.

கேலிப்பரோடு இறங்க முடியாது. உப்பு இரும்பைத் தின்றுவிடும். அக்கா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து அதைக் கழற்றினாள். அத்தனை பேருக்கு நடுவில். கருநீல உடை வலது காலில் மட்டும் காலி உறை மாதிரி மடிந்து கிடந்தது. எங்கள் கூட்டத்துப் பெண்கள் சட்டென்று வேறு பக்கம் பார்த்தார்கள். நானும் திரும்பிக்கொண்டேன். அறுபது வருடம் கூட இருந்தவள், நானும்.

இரண்டு ஆண்கள் முன்வந்தார்கள். "அக்கா, நாற்காலியோட தூக்கிட்டுப் போயிடுறோம்."

"வேணாம் தம்பி. ரொம்ப நன்றி," என்றாள், அந்த டெலிபோன் குரலில். பிறகு என்னைப் பார்த்து, "உன் செலிப்பாரக் குடு," என்றாள்.

நான் ஜப்பான் செலிப்பார் என்கிற ரப்பர் செருப்பு போட்டிருந்தேன். கழற்றிக் கொடுத்தேன். அவள் அவற்றைக் கால்களில் போடவில்லை. இரண்டு கைகளிலும் மாட்டிக்கொண்டாள். நாற்காலியிலிருந்து தரைக்கு இறங்கினாள். தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, செலிப்பார் மாட்டிய கைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கித் தூக்கிப் பின்னால் வைத்து நகர்ந்தாள். இடது கால் உந்திக் கொடுத்தது. வலது கால் கூடவே இழுபட்டு வந்தது. அந்தக் கரையில் மணல் கிடையாது. உப்புக் கட்டிகள், கூழாங்கல், கறுப்புச் சேறு. நான் வெறுங்காலோடு பக்கத்தில் நடந்தேன். ஒவ்வொரு அடியும் கண்ணாடித் துண்டில் வைப்பதுபோல் இருந்தது. அவளைத் தூக்க இரண்டு தடவை குனிந்தேன்.

"தொடாத," என்றாள். கோபமாக இல்லை. மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள்.

தண்ணீர் அவள் இடுப்பைத் தொட்டது, வயிற்றைத் தொட்டது. இன்னும் இரண்டு தடவை உந்தினாள். அப்புறம் சட்டென்று உந்தவேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. கீழிருந்து யாரோ ஏந்திக்கொண்ட மாதிரி அவள் மேலே வந்தாள். இரண்டு பாதங்களும் தண்ணீருக்கு வெளியே எட்டிப் பார்த்தன. வலது பாதம் இடதைவிடச் சற்று உயரத்தில் மிதந்தது.

அவள் வானத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். செலிப்பார்களைக் கழற்றிக் கரைக்கு வீசினாள். கைகளைத் துடுப்பு மாதிரி மெல்ல அசைத்தாள். நகர்ந்தாள்! இன்னொரு தடவை அசைத்தாள், திரும்பினாள். ஐம்பது வருடத்துக்கு மேல் கட்டையை ஊன்றி ஊன்றி இறுகிப்போன தோள்கள் அவை. கொஞ்ச நேரத்தில் எங்கள் கூட்டத்தில் எல்லாரையும் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். மற்றவர்கள் காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஆமையைப் புரட்டிப் போட்டமாதிரி தத்தளித்தார்கள். சாமியார் அரைக்கால் சட்டையோடு ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருந்தார்.

"அக்கா, ரொம்பத் தூரம் போகாத!" என்று கத்தினேன். அவளுக்குக் கேட்டதா தெரியவில்லை. நான் பின்னாலேயே நடந்தேன். முழங்கால், தொடை, இடுப்பு. கரையைப் பார்த்துத் திரும்பு, உட்கார் என்று சொன்னது எதுவும் எனக்கு ஞாபகம் இல்லை. அவளைப் பிடித்துவிட வேண்டும் என்று மட்டும் இருந்தது. மார்பளவு வந்ததும் கால்கள் தரையை விட்டன. நான் அவற்றைக் கீழே இறக்கப் பார்த்தேன். அவை இறங்கவில்லை. இரண்டு காலும் பின்னால் எழும்பின, நான் குப்புறக் கவிழ்ந்தேன்.

முகம் தண்ணீருக்குள் போனது. அது உப்புக் கரிக்கவில்லை. கசந்தது. பேதி மருந்துக் கசப்பு, அதோடு எரிச்சல். ஒரு வாய் உள்ளே போய்விட்டது. கண்ணில் மிளகாய்ப் பொடியைக் கொட்டியதுபோல் இருந்தது. கழுத்தை நிமிர்த்தி மூச்சு விட்டேன், மறுபடி முகம் விழுந்தது. கையை ஓங்கி அடித்தேன். அடிக்க அடிக்க இன்னும் கண்ணுக்குள் தெறித்தது. இத்தனைக்கும் மூழ்கவில்லை. அந்தத் தண்ணீர் மூழ்கவும் விடாது, எழுந்து நிற்கவும் விடாது. இரண்டு நல்ல கால்கள் இருந்தும் அவற்றை எங்கேயும் ஊன்ற முடியவில்லை. அந்த மாதிரி ஒரு பயத்தை நான் அதற்கு முன் அறிந்ததில்லை.

அப்போது அக்காவின் குரல் கேட்டது. மிக அருகில்.

"நான் இங்கதான் இருக்கேன். கண்ணத் தொறக்காத. கையால தேய்க்காத."

"அக்கா, கால் வரமாட்டேங்குது, கால்..."

"கால மறந்துடு. கால் வேணாம் இங்க. முழங்கால நெஞ்சுக்கு இழு. ம், இழு. இப்பத் தலையப் பின்னால போடு. என் மேலதான் விழும், போடு."

குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. நான் முழங்காலை இழுத்தேன். ஒரு கை என் தோளுக்கு அடியில் வந்து என்னைப் புரட்டியது. முகம் வானத்துப் பக்கம் திரும்பி, அதில் வெயில் விழுந்தது. மூச்சு வந்தது. என் சட்டைக் கழுத்தை அவள் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டாள் என்று புரிந்தது. ஒரு கையால் என்னைப் பிடித்து, இன்னொரு கையால் துழாவித் துழாவி இழுத்துக்கொண்டு போனாள். நான் கண்ணை மூடி, கட்டை மாதிரி கிடந்தேன். கரையில் விசில் சத்தம் கேட்டது. "எங்க போறோம்?" என்று கேட்டேன். "கரைக்கு. நீ சும்மா இரு," என்றாள். அவள் மூச்சு என் உச்சந்தலையில் பட்டது.

உயிர்க்காவலர் தண்ணீருக்குள் இறங்கி வந்து என்னை மீதித் தூரம் இழுத்தார். ஒரு போத்தல் நல்ல தண்ணீரை என் கண்களில் ஊற்றினார். இன்னொரு போத்தல். "ஓக்கே மேடம், ஓக்கே மேடம்," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணைத் திறந்தபோது எல்லாம் வெள்ளையாக இருந்தது. பிறகு அக்கா தெரிந்தாள். ஆழமில்லாத இடத்தில், கைகளை ஊன்றி உட்கார்ந்திருந்தாள். செலிப்பார் இல்லாமல் ஊன்றியதில் உள்ளங்கையில் உப்பு கீறி, ரத்தம் கசிந்துகொண்டிருந்தது. அவள் அதைத் தண்ணீரில் நனைத்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"சரியாயிட்டியா?" என்றாள்.

நான் அழுதேன். கண் எரிகிறது என்று எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள், நல்லவேளை.

"அப்ப நான் இன்னொரு தடவ போயிட்டு வரேன். எனக்கு இன்னும் எட்டு நிமிஷம் இருக்கு," என்று சொல்லிவிட்டு, பின்பக்கமாக நகர்ந்து மறுபடி தண்ணீருக்குள் போனாள். உயிர்க்காவலர் என்னைப் பார்த்தார். நான் துண்டைப் போர்த்திக்கொண்டு, எல்லாருடைய பைகளுக்கும் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

அந்த எட்டு நிமிடத்தில் என்ன நினைத்தேன் என்று பலர் கேட்டிருக்கிறார்கள். பெரிதாக ஒன்றும் இல்லை. அவள் நெற்றி, மூக்கு, பாதங்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. தூரத்திலிருந்து பார்க்கும் ஒருவருக்கு அவள் யார், கால் எப்படி என்று எதுவும் தெரியாது. நான் ஒரு தடவையும் அவளை அப்படித் தூரத்திலிருந்து பார்த்ததில்லை. எப்போதும் முழங்கையைப் பிடிக்கும் தூரத்திலேயே இருந்திருக்கிறேன். அவ்வளவு கிட்டத்தில் நின்றால் ஒரு ஆளில் என்ன தெரியும்?

மதியம் விடுதி அறையில் அவள் உள்ளங்கைக்கு மருந்து போட்டேன். குளித்துவிட்டும் தோலில் எண்ணெய்ப் பிசுக்கு போகவில்லை. அக்கா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கேலிப்பரை உடனே மாட்டவில்லை.

"போர்ட் டிக்சன் ஞாபகம் இருக்கா?" என்றாள்.

"இருக்கு. நீ தனியா உக்காந்திருப்ப. எனக்குப் பாவமா இருக்கும். அதான் ஓடி ஓடி வருவேன்."

"எனக்கு அது பிடிக்கவே பிடிக்காது, தெரியுமா?"

நான் பஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தேன்.

"அங்க ஒருத்தரும் இல்லாம இருக்கிறது எனக்கு நல்லா இருக்கும். வீட்ல எப்பவும் யாராச்சும் இருப்பாங்க. கடல பாத்துட்டு உக்காந்திருப்பேன். நீ வந்து மணல அள்ளிப் போட்டுட்டு, அக்கா என்னா பண்ற, அக்கா என்னா பண்றன்னுவ." சிரித்தாள். "நீயும் தண்ணிக்குப் பயந்துதான் வந்தன்னு எனக்குத் தெரியும். அம்மாகிட்ட நான் சொல்லல."

எனக்குச் சுருக்கென்றது. இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஆனால் அன்று காலைதான் தண்ணீரில் நான் அலறியிருந்தேன். பயந்த பிள்ளை ஒருத்திக்கு, திரும்பி ஓடிவர ஒரு நல்ல காரணம் கிடைத்திருந்தது. அந்தக் காரணத்தைத்தான் பாசம் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். பாசம் இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அது மட்டும் இல்லை.

"நான் பிரிக்பீல்ட்ஸ் போறேன்," என்றாள் அக்கா. கேட்கவில்லை, சொன்னாள்.

"சரி," என்றேன். இந்த ஒரு வார்த்தை அன்று எளிதாக வந்தது என்று எழுதினால் பொய். மறுநாள் காலை பேருந்தில் ஏறும்போதே பழக்கதோஷத்தில் அவள் முழங்கையைப் பிடித்துவிட்டேன். அவள் என் கையைப் பார்த்தாள். எடுத்துவிட்டேன்.

திரும்பி வந்து ஐந்தாவது வாரம் அவளுடைய சாமான்களை என் வீட்டுக்காரர் காரில் ஏற்றினார். ஒரு பெட்டி, ஒரு தையல் மிஷின், ரேடியோ, இரண்டு கேலிப்பர். பிரிக்பீல்ட்ஸில் அந்தத் தோழி வாசலில் நின்று, கட்டையின் சத்தத்தைக் கேட்டே, "வா, ஏன் இவ்வளவு லேட்டு? மீன் வாங்கி வச்சு ரெண்டு மணி நேரமாச்சு," என்றார். நான் அந்த வீட்டுக் குளியலறைக்குப் போய்க் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தேன். உறுதியாகத்தான் இருந்தது. அதிலும் ஏதோ ஏமாற்றம்.

எல்லாம் சுமுகமாகப் போய்விட்டது என்று சொல்வதற்கில்லை. மூன்றாவது மாதம் அக்கா சமையலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு வீங்கிவிட்டது. இரண்டு வாரம் கழித்துத்தான் எனக்குத் தெரியும், அதுவும் தோழி வாய்தவறிச் சொல்லி. போனில் கத்தினேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"சொன்னா வந்துருவ," என்றாள்.

வந்திருப்பேன்தான். பெட்டியோடு வந்திருப்பேன். அல்லது அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்திருப்பேன்.

இப்போது சனிக்கிழமைகளில் கிள்ளானில் கொமுட்டர் ரயில் ஏறி அவளைப் பார்க்கப் போகிறேன். போன மாதம் ஒரு சனிக்கிழமை நண்டுக் குழம்பு வைத்து எடுத்துக்கொண்டு, சொல்லாமல் போய் நின்றேன். வீடு பூட்டியிருந்தது. போன் செய்தேன். பின்னால் ஒரே கூச்சல், யாரோ பாடுகிறார்கள், சிரிப்பு.

"நாங்க செந்தூல்ல இருக்கோம். பழைய ஆபீஸ்காரங்க பத்துப் பேர் சேந்திருக்கோம். சொல்லிட்டு வந்திருக்கலாம்ல? அஞ்சு மணிக்கு வந்துருவோம். இருப்பியா?"

மணி அப்போது இரண்டரை. இருக்கிறேன் என்றேன்.

குழம்பு டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு தெருவில் நடந்தேன். புடவைக் கடைகளில் பாட்டு சத்தமாக ஓடியது. நடைபாதையில் கண் தெரியாதவர்களுக்காகப் பதித்திருக்கும் மஞ்சள் கற்களின் மேல் யாரோ மோட்டார் சைக்கிளை நிறுத்தியிருந்தார்கள். ஒருவர் வெள்ளைக்கோலால் அதைத் தட்டிப் பார்த்து, திட்டிக்கொண்டே சுற்றிப் போனார். உதவலாமா என்று ஒரு அடி எடுத்து வைத்தேன். அவர் எப்போதோ தெருவைக் கடந்துவிட்டிருந்தார்.

எனக்கு அந்தத் தெருவில் பார்க்கவேண்டியவர் என்று ஒருவரும் இல்லை, செய்யவேண்டியது என்று எதுவும் இல்லை. இரண்டரை மணி நேரம். வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில் மூலை மேசையாகப் பார்த்து உட்கார்ந்தேன். பரிமாறுகிறவர் ஒரே ஒரு இலையை எடுத்து வந்து, "ஆன்டி, ஒரு ஆளா?" என்று கேட்டார்.

"ஆமா, ஒரு ஆள்தான்," என்றேன்.

இலையைத் துடைத்துப் போட்டார். எனக்குப் பசித்தது.